ஏறினார்களா, ஏற்றினார்களா?

இங்கிலீஷ்காரனுக்கு வண்டியில் ஏறத் தெரியும், இறங்கவும் தெரியும். அதைச் சொல்லத்தான் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவன் வீட்டுக் குழந்தை ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’ என்று சொல்லுகிறது. பஸ்ஸோ, ரயிலோ, விமானமோ, அந்த இரண்டும் போதும். ஆனால் அதே குழந்தை வளர்ந்து, தலையில் ஒரு தொப்பியும் கையில் ஓர் ஒலிபெருக்கியுமாக உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டால் அவை போதுவதில்லை. ரயிலிலிருந்து இறங்கினால் ‘டீட்ரெயின்’ என்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் ‘டீபஸ்’. ஆகாய விமானத்திலிருந்து இறங்கினால் ‘டீபிளேன்’. ஏறுவதற்கு முறையே ‘என்ட்ரெயின்’, ‘எம்பஸ்’, ‘எம்பிளேன்’. நம் மாட்டு வண்டி எப்படியோ தப்பித்தது.

இவற்றில் ‘எம்பஸ்’ஸைப் போன்ற வேடிக்கை வேறு இல்லை. 1829-இல் ஷில்லிபியர் என்பவர் லண்டன் வீதியில் குதிரை பூட்டிய பெரிய வண்டி ஒன்றை ஓட்டினார். ‘ஆம்னிபஸ்’ என்று அதற்குப் பெயர். லத்தீன் பாஷையில் ‘எல்லோருக்கும்’ என்று அர்த்தம். ஜனங்கள் நாளடைவில் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வால் என்ன? வேற்றுமை உருபு! நம் நான்காம் வேற்றுமைக் ‘கு’ இருக்கிறதே, அதுதான். ஆகவே ‘எம்பஸ்’ என்றால் ‘குவுக்குள் புகு’ என்றாகிறது. பள்ளிக்கூடத்துப் பையன் இப்படி எழுதினால் தமிழ்ப் பண்டிதர் பெஞ்சின்மேல் ஏற்றிவிடுவார்.

பழைய வார்த்தைகளோடு எனக்குச் சண்டை இல்லை. ‘அலைட்’ என்று ஒன்று இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயசானது. அதன் வேரில் இருப்பது, குதிரையின் முதுகிலிருந்து இறங்கி அதன் பாரத்தைக் குறைப்பது என்ற கருத்து. எவ்வளவு இரக்கமுள்ள வார்த்தை! ‘போர்டு’ என்பது கப்பலின் பக்கப் பலகை. ‘எம்பார்க்’ என்றால் படகில் ஏறுவது. இவற்றை ஜனங்கள் உண்டாக்கினார்கள். கடலிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து ஆகாயத்துக்கும் எடுத்துப் போனார்கள். ‘சாமி மலையேறிவிட்டது’, ‘ஜுரம் இறங்கிவிட்டது’ என்று நாமும் தாராளமாகச் சொல்லுகிறவர்கள்தானே?

என் ஆட்சேபணை, ஆபீஸில் செய்த வார்த்தைகளைப் பற்றியது. ‘என்ட்ரெயின்’, ‘டீட்ரெயின்’ இரண்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டாளத்தோடு வளர்ந்தவை. முதல் உலக யுத்தத்தில் லண்டன் பஸ்கள் நூற்றுக்கணக்கில் பிரான்ஸுக்குப் போய்ச் சிப்பாய்களைச் சுமந்தபோது, ‘எம்பஸ்’ஸும் ‘டீபஸ்’ஸும் உத்தரவுக் காகிதங்களில் வந்து உட்கார்ந்தன. தந்தி அடிப்பதற்குச் சிக்கனமான வார்த்தைகள்தாம் என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். இருக்கலாம். பட்டாளத்தில் பீரங்கிக்கும் கணக்கு, கோவேறு கழுதைக்கும் கணக்கு, மனிதனுக்கும் கணக்கு. சிப்பாய் தானாக ஏறுவதில்லை; அவனை ஏற்றுகிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய உங்களுக்கும் எனக்கும் அந்த வார்த்தை எதற்கு என்பதே என் கேள்வி.

இங்கேதான் விஷயம் வேடிக்கையை விட்டு விலகுகிறது. ‘டீட்ரெயின்’ என்பதற்கு ரயிலிலிருந்து இறங்குவது என்றும் அர்த்தம். இறக்கிவிடுவது என்றும் அர்த்தம். ‘டீபிளே’னும் அப்படித்தான். தன்வினையும் பிறவினையும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. தமிழில் அது நடக்காது. ஏறினான், ஏற்றினான்; இறங்கினான், இறக்கினான். ஒரு மெய்யெழுத்தின் வித்தியாசம்தான். அந்த ஓர் எழுத்து, காரியத்தைச் செய்தவன் யார், செய்யப்பட்டவன் யார் என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அந்த வித்தியாசத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. 1914-ஆம் வருஷம் மே மாதம் ‘கோமகட்டா மாரு’ என்ற கப்பல் 376 இந்தியர்களுடன் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பெரும்பாலோர் சீக்கியர்கள். சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையில் இறங்க விடவில்லை. இரண்டு மாதம் கடலிலேயே வைத்திருந்து, கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவுக்கு அருகில் பஜ் பஜ் என்ற இடத்தில் சர்க்கார் ஒரு தனி ரயிலைத் தயாராக நிறுத்தியிருந்தது. பஞ்சாபுக்குப் போக அதில் ஏறுங்கள் என்றது. பெரும்பாலோர் மறுத்துவிட்டுக் கல்கத்தாவை நோக்கி நடந்தார்கள். அவர்களைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள், கைகலப்பு நடந்தது, துப்பாக்கி வெடித்தது, சுமார் இருபது பிரயாணிகள் மாண்டார்கள். அங்கே சர்க்கார் செய்ய முயன்ற காரியத்துக்கு ‘என்ட்ரெயின்’ என்ற சொல் எவ்வளவு சௌகரியம், பாருங்கள்! ஏறினார்களா, ஏற்றினார்களா என்று கேட்க இடமே இல்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2017 ஏப்ரலில் சிகாகோ விமான நிலையத்தில், யுனைடெட் கம்பெனியின் விமானத்தில் உட்கார்ந்துவிட்ட ஒரு பிரயாணியை எழுந்திருக்கச் சொன்னார்கள். கம்பெனியின் சிப்பந்திகளுக்கு இடம் வேண்டுமாம். அவர் மறுத்தார். காவலர்கள் அவரை நடைவழியில் தரதரவென்று இழுத்துப் போனார்கள். மூக்கு உடைந்தது, பல் போயிற்று. மறுநாள் கம்பெனித் தலைவர் வருத்தம் தெரிவித்தார். எதற்காகத் தெரியுமா? பிரயாணிகளை ‘ரீ-அக்காமடேட்’ செய்ய நேர்ந்ததற்காக! அதாவது, வேறு இடம் பார்த்துக் கொடுத்ததற்காக. இழுத்துப் போட்டதை உலகமே படமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படிச் சொன்னார்.

நம் ஊர் விமான நிலையங்களுக்கும் இந்த வியாதி வந்துவிட்டது. ‘டீபோர்டு’ செய்யுங்கள் என்கிறார்கள். பலகையைக் கழற்றச் சொல்லுகிறார்களோ என்று நான் பயப்படுவதுண்டு. பிரயாணம் செய்ய ஒருவரை அனுமதிக்காவிட்டால், அவரை ‘ஆஃப்லோடு’ செய்தோம் என்கிறார்கள். அது மூட்டையை இறக்குகிற வார்த்தை. பிள்ளையைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறுகிற ஒரு பாட்டி இதில் எதைப் புரிந்துகொள்வாள்? சென்னை பஸ் கண்டக்டர் எத்தனையோ மேல். அவரும் இங்கிலீஷைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் ‘ஹோல்டான்’ என்று தமக்கு வேண்டியபடி மடக்கிக்கொண்டார். கடைசி ஸீட்டிலிருக்கும் பாட்டிக்குக்கூட அது புரிகிறது.

இங்கிலீஷை மட்டும் திட்டிவிட்டு நாம் தூங்கப் போக முடியாது. நம் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். ‘பயணிகள் இறக்கிவிடப்பட்டனர்’, ‘குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன’. பாஷை கொடுத்த அந்த ஓர் எழுத்தை வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு ‘ப்பட்ட’னரை ஒட்டி, செய்தவனைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். இறக்கிவிட்டது யார்? அப்புறப்படுத்தியது யார்? தெரிந்தே மறைக்கிறார்கள் என்று எல்லோரையும் நான் சொல்லவில்லை. பழக்கதோஷம் பாதி, பயம் பாதி.

ஆகையால் அறிக்கை எழுதும் உத்தியோகஸ்தர்களையும் செய்தி எழுதும் நண்பர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் தாமாக இறங்கினால், இறங்கினார் என்று எழுதுங்கள். இல்லையென்றால், இறக்கினார்கள் என்று எழுதுங்கள்; இறக்கியவர்களின் பெயரையும் கூடவே எழுதுங்கள்.