அடுப்படிக்கும் ஆய்வேட்டுக்கும் நடுவே ஒரு புத்தகம்

‘படிக்க நேரமில்லை’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதைச் சோம்பலாகவோ கைப்பேசி மோகமாகவோ மட்டுமே பார்த்துப் பழகியும் விட்டோம். ஆனால் அதைச் சொல்பவர் யார், எந்த வீட்டிலிருந்து சொல்கிறார் என்று கேட்டால் அதன் பொருளே மாறிவிடும். நிலத்தைப் போல, நீரைப் போல, நேரமும் இந்தச் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை. ஒருவருடைய நாளில் எத்தனை மணி நேரம் அவருக்கே சொந்தம் என்பதைச் சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ஒன்றிய அரசு 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். வித்தியாசம் 201 நிமிடங்கள், அதாவது மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல். ஓர் ஆள் நிதானமாக நூறு பக்கம் வாசித்துவிடக்கூடிய நேரம் அது. குழந்தைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் இந்தக் கணக்கில் வராது, அது தனிக் கணக்கு.

நான் முனைவர் பட்ட ஆய்வாளர். ஆறு வயது மகளுக்குத் தாய். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அம்மா களையெடுக்கப் போவார், வேலை இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலை. அப்பாவுக்குக் கட்டட வேலை. எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் பாடப்புத்தகம்தான். அதைப் படித்தால் மதிப்பெண், மதிப்பெண் வந்தால் கல்லூரி, கல்லூரி முடித்தால் வேலை, வேலை கிடைத்தால் தம்பியின் படிப்பு, பிறகு ஒழுகாத கூரை. கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் ‘பாடத்தப் படிக்காம என்னத்தப் படிச்சுக்கிட்டு இருக்க?’ என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வீட்டில் எரிகிற ஒற்றை விளக்குக்கும், என்னை வேலைக்கு அனுப்பாமல் அவர் விட்டுவைத்த நேரத்துக்கும் ஒரு விலை இருந்தது.

முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். நம்முடைய வாசிப்புக்கு எப்போதும் ஒரு காரணம் கேட்கப்படுகிறது. தேர்வுக்கா, வேலைக்கா, போட்டித் தேர்வுக்கா? தாத்தாவின் அலமாரியிலிருந்து நாவலை உருவி, ஊஞ்சலில் படுத்தபடி வாசித்து வளர்ந்தவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர்கள் காரணமில்லாமல் வாசித்தார்கள். பிறகு அதற்கே ‘ரசனை’ என்றும் ‘பண்பாடு’ என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

பதினோராம் வகுப்பில் ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தபோது ஓர் அக்கா மூலம் பாமாவின் ‘கருக்கு’ கைக்குக் கிடைத்தது. 1992இல் வெளியான புத்தகம் அது. எங்கள் தெருவின் பேச்சை அச்சில் பார்த்தது அதுதான் முதல் முறை. அதிலிருந்து விடுதியில் விளக்கணைத்த பிறகும் தாழ்வார வெளிச்சத்தில் வாசிக்கும் ஆளாகிவிட்டேன். இளங்கலை, முதுகலை முடியும்வரை அந்தப் பசி அடங்கவே இல்லை.

அந்த வாசிப்பைத் தின்றது ஆய்வு. கேட்க விசித்திரமாக இருக்கலாம், நாள் முழுக்கப் புத்தகத்தோடு இருக்கும் வேலை அல்லவா அது? ஆனால் ஆய்வாளர் வாசிப்பது வேறு விதம். முதலில் பொருளடக்கம், அடுத்து முடிவுரை, பிறகு நமக்குத் தேவையான இயல். கையில் பென்சில். எந்தப் பத்தியை மேற்கோள் காட்டலாம், எந்த வாதத்தை மறுக்கலாம் என்பதிலேயே கண் இருக்கும். போதாக்குறைக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் கல்லூரிகளில் மணிக்கணக்குக் கூலிக்கு வகுப்பெடுத்தேன்.

பிறகு மகள் பிறந்தாள். பெண் ஆய்வாளர்கள் பேறுகாலத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி சொல்கிறது. 241ஆம் நாள் குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருவது என்பதற்கு என் வளாகத்தில் பதில் இல்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆய்வுக்குத் தேவைப்படாத ஒரு புத்தகத்தைக்கூட முழுதாக வாசித்ததாக எனக்கு நினைவில்லை.

மகாராஷ்டிரத்தின் பேபி காம்ப்ளே எனக்கு நெருக்கமாகிப் போனது இந்த ஆண்டுகளில்தான். மகர் சமூகத்தில் பிறந்து, அம்பேத்கர் இயக்கத்தில் வளர்ந்தவர். சிறு மளிகைக் கடை நடத்தினார். பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய செய்தித்தாள்களை மடிப்பதற்கு முன்பு வாசித்துவிடுவார். அப்படி வாசித்தவர்தான் எழுதவும் தொடங்கினார். எழுதிய நோட்டுகளைக் கணவர் கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் ஒளித்து வைத்தார். 1986இல் ‘ஜின அமுச்சா’ என்ற தன்வரலாறாக அது வெளிவந்தது. மராத்தித் தலித் பெண்களின் தன்வரலாறுகளில் முன்னோடியான நூலை, அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் கிடைத்த நிமிடங்களில்தான் அவரால் எழுத முடிந்தது. அவருடைய உறுதியை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்த நோட்டை ஏன் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. அது ஆதிக்க சாதி வீட்டைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, நம் வீட்டைப் பற்றியதும்தான்.

அம்பேத்கரின் வாசிப்பைப் பற்றிச் சொல்லி நாம் சலிப்பதே இல்லை. பம்பாயில் ஒற்றை அறை வீட்டில் அதிகாலை இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்த தந்தை ராம்ஜி, மகனுக்குப் புத்தகம் வாங்கத் திருமணமான மகள்களிடம் நகையைக் கடன் வாங்கியதும் நமக்குத் தெரியும். அந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்த சகோதரிகள் எந்தப் புத்தகம் வாசித்தார்கள்? அம்பேத்கர் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்த ஆண்டுகளில் ரமாபாய் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தை நடத்தினார். பெற்ற ஐந்து குழந்தைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்தார். அம்பேத்கர் இந்தக் கடனை உணர்ந்தவர். பாகிஸ்தான் குறித்த தன் நூலை ரமாபாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். நம் தோழர்களில் பலருடைய புத்தக அலமாரிகளும் யாரோ ஒரு பெண்ணின் அடுப்படி நேரத்தில்தான் நிறைந்திருக்கின்றன. காணிக்கைப் பக்கத்தில் பெயர் போடுவதோடு இனி அது முடியக் கூடாது.

எனக்கு வாசிப்பு திரும்பி வந்தது மகள் வழியாகத்தான். நான்கு வயதில் அவளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் பிடித்துப்போனது. யானை ஒன்று குளத்தைத் தேடிப் போகும் கதை. ஒவ்வோர் இரவும் அதையே வாசிக்கச் சொல்வாள். முப்பது தடவையாவது வாசித்திருப்பேன். அதில் மேற்கோள் காட்ட ஒன்றும் இல்லை, மறுக்க ஒரு வாதமும் இல்லை. பிடித்த பக்கத்தில் அவள் நிற்பாள், போன பக்கத்துக்குத் திரும்புவாள், தெரிந்த முடிவுக்கே மறுபடி சிரிப்பாள். விடுதித் தாழ்வாரத்தில் நானும் இப்படித்தான் வாசித்தேன் என்பது சில வாரங்களில் நினைவுக்கு வந்தது. அவள் தூங்கிய பிறகு விளக்கை அணைக்காமல் பாமாவின் ‘சங்கதி’யை எடுத்தேன். பென்சில் இல்லாமல் பத்துப் பக்கம். மறுநாள் எட்டுப் பக்கம். அதற்கடுத்த நாள் மூன்றே பக்கத்தில் தூங்கிப்போனேன். ஆனாலும் பத்து நாட்களில் புத்தகம் முடிந்தது.

அந்தப் பத்துப் பக்கம் தானாகக் கிடைத்துவிடவில்லை. இரவுப் பாத்திரங்களும் மறுநாள் காலைச் சமையலும் என் இணையரின் பொறுப்பு என்று பேசி முடிவு செய்தோம். ‘நான் ஹெல்ப் பண்றேன்’ என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே முடிவு செய்தோம். முதல் மாதம் சண்டை, இரண்டாம் மாதம் கருகிய உப்புமா, மூன்றாம் மாதத்திலிருந்து எனக்கு முப்பத்தைந்து நிமிடங்கள். ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று அறிவுரை சொல்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். மனம் எனக்கு எப்போதும் இருந்தது, வேலைப் பங்கீடுதான் மாற வேண்டியிருந்தது.

சாதி ஒழிப்பு அரசியலில் இருப்பவருக்குக் குழந்தைக்குக் கதை வாசிப்பது வெறும் தாலாட்டு அல்ல. வேதத்தைக் கேட்கும் சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். தண்டனை முதலில் காதுக்குத்தான் வந்தது. அன்றைக்குக் கல்வி காது வழியாகத்தான் போனது என்பதே காரணம். அந்தக் காதுகளின் வாரிசுகளாகிய நாம் நம் பிள்ளைகளின் காதில் எதை ஊற்றப்போகிறோம்?

சில மாதங்களுக்கு முன்பு ‘பீமாயண’த்தை மகளோடு புரட்டிக்கொண்டிருந்தேன். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்த அம்பேத்கர் வரலாறு அது. தந்தையைப் பார்க்கச் சிறுவன் பீமன் அண்ணனோடு மாட்டு வண்டியில் போகும் பகுதியைத் தமிழில் சொன்னேன். அவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் யாரும் தண்ணீர் தரவில்லை, கையில் சோறு இருந்தும் பசியோடு படுத்தார்கள் என்று சொல்லி முடித்தேன். ‘ஏம்மா குடுக்கல?’ என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு: ‘தண்ணி வச்சிருந்தவங்க பேரு என்னம்மா?’

நான் அசந்துபோனேன். அவமானப்பட்டவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி, அவமானப்படுத்தியவரைப் பெயரில்லாமலே தப்பவிடும் கதை சொல்லும் முறையை ஒரு கேள்வியில் அவள் தொட்டுவிட்டாள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை ஒரு நாள் அவளிடம் நான் சொல்லியாக வேண்டும். அன்றும் இதே போன்ற கேள்வியைத்தான் கேட்பாள். அதைக் கேட்கும் பழக்கம், மடியில் ஒரு புத்தகமும் அவசரமில்லாத ஒரு பெரியவரும் இருக்கும் இடத்தில்தான் உருவாகிறது.

‘களத்தில் இத்தனை வேலை கிடக்கும்போது நாவல் வாசிப்பது நடுத்தர வர்க்கச் சொகுசு இல்லையா?’ என்று சில தோழர்கள் கேட்பார்கள். 1907இல் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கினார். அதன் வாசகர்கள் ஓய்வாகச் சாய்ந்திருந்தவர்கள் அல்லர். கோலார் தங்கவயல்வரை உழைக்கும் மக்களிடம் அது போய்ச் சேர்ந்தது, வாசகர்களின் கேள்விகளுக்கு அதிலேயே பதிலும் வந்தது. பூலே இணையர் 1855இல் பூனாவில் உழைப்பாளர்களுக்கு இரவுப் பள்ளி தொடங்கினார்கள். பகலெல்லாம் உழைப்பவர்களிடம் ‘உங்களுக்கு எதற்குப் படிப்பு?’ என்று அவர்கள் கேட்கவில்லை. பள்ளியின் நேரத்தைத்தான் மாற்றினார்கள். பயனுக்காக மட்டுமே வாசிக்க வேண்டும் என்று நம்மை நாமே சுருக்கிக்கொள்வது, ரசிப்பதற்கான உரிமையை மறுபடியும் ஊஞ்சல்காரர்களிடமே ஒப்படைப்பதாகும்.

எனவே வாசிப்பைப் பற்றிப் பேசும்போது நேரத்தைப் பற்றியும் கோரிக்கை வைப்போம். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் இருக்கிறது, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. அந்த நூலகம் வேலை முடிந்து வருபவர்கள் வீடு சேர்வதற்குள் சாத்தப்பட்டால், அது யாருக்கான நூலகம்? இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் கிளை நூலகங்கள் வேண்டும். குடியிருப்புக்கு நடந்து போகும் தூரத்தில், பூட்டிக் கிடக்காத ஊர்ப்புற நூலகங்கள் வேண்டும். குழந்தைகள் சத்தமாக வாசிக்க அங்கே ஓர் அறை வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழக வளாகத்திலும் குழந்தைகள் காப்பகம் வேண்டும், உதவித்தொகை மாதம் தவறாமல் வர வேண்டும்.

நம் இயக்கங்களும் செய்ய வேண்டியது உண்டு. நூல் வெளியீட்டு விழாக்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் குழந்தைகளுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். அங்கே பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆண் தோழர்கள் முறைபோட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். ‘பெண்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை?’ என்று தனியாக ஓர் அமர்வு நடத்துவதைவிட அதற்குச் செலவு குறைவு.

இந்தக் கட்டுரையை வாசித்து முடிக்க உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று எழுந்து போய்ப் பாருங்கள். அந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவருக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். அது எதற்குப் பயன்படும் என்று மட்டும் கேட்காதீர்கள்.