பீரோவில் பூட்டினால் படிப்பு வருமா?

"பத்தாம் வகுப்பு வந்ததும் செல்போனை வாங்கி பீரோவில் பூட்டிவிடுங்கள், பிள்ளை தானாகப் படிக்கும்" என்கிறார் நண்பர். தானாகவா? வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குழுவில்தானே வருகிறது! 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கடன் வாங்கியாவது அந்தப் போனைக் கையில் கொடுத்தவர்கள் நாம்தான்.

சரி, பூட்டியாயிற்று. பிள்ளை மூன்று மணி நேரம் மேஜையில் உட்கார்ந்து கோனார் நோட்ஸை மஞ்சள் மார்க்கரால் மெழுகுகிறது. இது படிப்பா? ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், சில மாணவர்கள் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்ததை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் எழுதிப் பார்த்தவர்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்திலா வருகிறது?

போனுக்கு எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிக்கும்போது வேறு அறையில் இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், அப்பாவின் போனும் சேர்த்துத்தான். நண்பரிடம் சொன்னேன். ரீல்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்" என்றார்.