மூன்று பாலாஜி, இரண்டு நானா

விஸ்வாஸ் பாட்டீலின் ‘பானிபட்’ (1988) நாவலை மராட்டியில் எடுக்கும் தமிழ் வாசகரை முதலில் மிரட்டுவது அப்தாலியின் படை அல்ல, பெயர்கள். அந்தக் காலத்துப் பேஷ்வா பாலாஜி பாஜிராவ். ஊருக்கு அவர் நானாசாகேப். நானா பட்னவீஸ் என்று இன்னொருவர்; அவருக்கும் இயற்பெயர் பாலாஜிதான். பேஷ்வாவின் தாத்தாவும் பாலாஜி! படைத்தலைவர் சதாசிவராவை ‘பாவு’ என்கிறார்கள். ஷிண்டேக்களிலோ தத்தாஜி, ஜன்கோஜி, மகாத்ஜி. ஐம்பதாம் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவைப்பவரைக் குறை சொல்ல முடியாது.

புனேக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. சதாசிவராவின் பெயரில் சதாசிவ் பேட், பட்னவீஸின் பெயரில் நானா பேட். (பேட் என்பது நம் பேட்டைதான்.) கதாபாத்திரங்கள் அவருக்குத் தபால் விலாசத்திலேயே அறிமுகமாகிவிடுகிறார்கள்.

‘பொன்னியின் செல்வ’னிலும் கூட்டம் குறைவில்லையே என்று கேட்கலாம். ஆனால் கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். ஆழ்வார்க்கடியானைப் பற்றிப் பேசித் தீர்க்க வாசகருக்கு அடுத்த இதழ் வரை அவகாசம் இருந்தது. அதே புத்தகத்தை இன்று ஒரே மூச்சில் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

ஆளுக்கு ஒரே பெயரை வைத்துச் சுலபமாக்கிவிடலாமே என்ற சபலம் மொழிபெயர்ப்பவருக்கு வரும். எனக்கு அதில் சம்மதமில்லை. ‘பாவு’ என்றால் சகோதரன். யார் அவரைப் பாவு என்கிறார், யார் முழுப்பெயர் சொல்கிறார் என்பதில்தான் உறவும் மரியாதையும் மனத்தாங்கலும் தெரிகின்றன. நம் வீட்டுப் பெரியப்பாவை எல்லோரும் ‘ராமசாமி’ என்று அழைத்தால் எப்படி இருக்கும்? முன்பக்கத்தில் ஒரு வம்சாவளியைப் போட்டுவிட்டு, பெயர்களை அப்படியே விடுவதுதான் நியாயம்.

1761 ஜனவரி 14-ல் நடந்த தோல்வியைப் பேஷ்வாவுக்குச் சொன்னது ஒரு லேவாதேவிக்காரரின் கடிதம். சங்கேதமாக எழுதியிருந்தார்: முத்துகள் இரண்டு போயின, தங்க மொகராக்கள் இருபத்தேழு போயின, வெள்ளிக்கும் செம்புக்கும் கணக்கே இல்லை. முத்துகள் பாவுவும் பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவும், மொகராக்கள் சர்தார்கள். செம்புக்காசுகள் சாதாரணச் சிப்பாய்கள். பெயர்கள் அதிகம் என்று அலுப்பு வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் செம்புக்காசுகளின் நினைவு வரும். ஷிண்டேக்களை மட்டும் இன்னும் தாளில் எழுதிவைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.