படம் ஒன்று, அறை வேறா?

அக்கரப்பத்தனையில் விடுமுறை அறை என்றதும் விளம்பரப் படம் காட்டுவது, தேயிலை மலையை நோக்கிய அகன்ற சாளரமும் வெண்ணிறப் படுக்கையும். முன்பணம் கட்டிக் குடும்பத்தோடு மலையேறி வந்தவர் காண்பதோ, ஈரம் ஊறிய சுவரும் பூட்டிய சன்னலும்! இதனை வியாபாரத் தந்திரமென்று பொறுத்துக்கொள்வதா?

பொருளைப் பற்றியோ சேவையைப் பற்றியோ பொய் கூறி விற்பதை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கின்றது. வாய் சொன்னாலென்ன, படம் சொன்னாலென்ன, பொய் பொய்யே. ஏமாந்தவர்கள் வாளாவிருத்தல் தகாது. விளம்பரப் படத்தையும், அறையின் படத்தையும், பற்றுச்சீட்டையும் சேர்த்து, மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிடுக.

ஏமாந்தவர் அந்த விடுதியோடு ஊரையே வெறுப்பார். உள்ளதை உள்ளபடி காட்டிப் பிழைக்க முனையும் நம் தோட்டத்து இளைஞர் வீட்டு வாயிலும் அன்றே வெறிச்சோடும்.