லேகியம் வேண்டாம், மாடிப்படி போதும்!

ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வாக்கிங் நின்றுவிடும். சூடான டீயும் வர்க்கியும் மட்டும் நிற்காது! அப்புறம், "தொப்பை கரைய லேகியம் கொடுங்க டாக்டர்" என்று வருவீர்கள்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: லேகியம் வேண்டாம், வீட்டு மாடிப்படி போதும். வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம், ஒரே சீராக ஏறி இறங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மாடிப்படி இல்லையா, முட்டி வலியா? நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடங்கள்.

டி.வி.யில் வருவதுபோல் எகிறிக் குதிக்க வேண்டாம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் பிராணவாயு குறைவாகத்தான் கிடைக்கும். மூச்சு வாங்கி, பத்தே நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். சரிவில் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஓடுகிறார்களா, என்ன?

நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வர்க்கியா? ஒன்றோடு போதுமே!