பலகைக்கு அடித்த பெயிண்ட்

“அகதி என்று போடாதீர்கள் சார், ஏதிலி என்று போடுங்கள். அதுதான் தமிழ். அதில்தான் மரியாதையும் இருக்கிறது.” பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கும் எனக்கு மாதம் ஒருமுறையாவது இந்த அறிவுரை வந்துவிடும். சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதனாலேயே சண்டைக்குப் போக மனம் வராமல் பல வருஷம் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது நிறுத்திவிட்டேன்.

அகதி என்றால் கதியற்றவர், பிறர் போடுவதைத் தின்று கிடப்பவர். ஆகவே அந்தச் சொல்லே ஒரு வசவு. சொல்லை எடுத்துவிட்டால் இழிவும் போய்விடும். இது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. தமிழக அரசும் இதையே நம்பியது. 2021 ஆகஸ்டில் ‘இலங்கை அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆனது. கூடவே மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்ந்தது, புது வீடுகள் அறிவிக்கப்பட்டன. அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறையாக முடங்கியவர்களுக்கு வீடு என்பது சின்ன விஷயமா? என் வழக்கு பெயர்ப்பலகையோடுதான்.

முதலில் இந்த ஏதிலியைப் பார்த்துவிடுவோம். ‘ஏதும் இல்லாதவர் ஏதிலி’ என்று பிரித்துக் காட்டுகிறார்கள். சரி, கதியில்லாதவரை ஏதுமில்லாதவர் ஆக்கியதில் என்ன மரியாதை கூடிவிட்டது? பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார், நமக்கு ஒட்டோ உறவோ இல்லாதவர். பேதைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஏதிலாரைத் தமருக்கு நேரெதிரே நிறுத்துகிறார். பேதைக்குப் பணம் வந்தால் அயலார் தின்று கொழுக்க, சொந்தக்காரர் பட்டினி கிடப்பார்களாம். ஆக, மேடையில் தொப்புள்கொடி உறவு என்று முழங்கிவிட்டு, கீழே இறங்கியதும் அதே மனிதரை ‘நீ எனக்கு யாரோ’ என்று சுத்தத் தமிழில் கூப்பிடுகிறோம்.

கதி வடமொழிதான். செல்லுதல் என்ற வேரில் பிறந்தது. மிருதங்கக்காரரின் திஸ்ர கதியும், பக்தரின் ‘நீயே கதி’யும் அங்கிருந்து வந்தவைதான். கடலையே தாண்டி வந்தவருக்கு ‘செல்கை இல்லாதவர்’ என்று பெயர் வைத்தது வேடிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தால் சொல் இன்றைக்கு என்ன வேலை செய்கிறது என்பது கண்ணில் படாது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் வறுமை என்ற பேச்சே கிடையாது. இனம், மதம், தேசியம், ஏதோவொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து, இவற்றில் ஒன்றுக்காகக் கொடுமைக்கு ஆளாவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே நிற்பவர் அகதி. அவர் வைரவியாபாரியாகவும் இருக்கலாம். 1959இல் வந்த தலாய் லாமா அகதிதான். அவரைக் கதியற்றவர் என்று யாராவது பரிதாபப்பட்டதுண்டா? அகதி என்று ஏற்கப்பட்டவரை உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுமதியில்லாமல் நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கவும் கூடாது. வசவா இது? கையில் வைத்துக்கொண்டு வழக்காட உதவும் சீட்டு.

அந்தச் சீட்டு இங்கே செல்லாது என்பதுதான் சிக்கல். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. நம் சட்டத்தில் அகதி என்றொரு பிரிவே இல்லை. அயல்நாட்டவர் உண்டு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைச் சட்டத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’ உண்டு. 2019இல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதோருக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்தபோது இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்கு வந்தது. விலக்குதான், உரிமை அல்ல. பலகையிலிருந்து அகதியை நாம் எழுப்பிவிட்டோம். காலியான நாற்காலியில் குடிமகன் வந்து உட்காரவில்லை. சட்டவிரோதக் குடியேறி முன்பே அங்கே துண்டு போட்டு வைத்திருந்தார்.

பெயர் மாறிய சில மாதங்களில் மதுரைப் பக்கத்து முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். அன்று அங்கே தணிக்கை. ஆளாளுக்கு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதிகாரி பெயரைப் படிக்கப் படிக்க முன்னால் போய் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். மன்னாரிலிருந்து 1990இல் படகேறி வந்த அம்மா ஒருவரின் மகன் முழங்கை வரைக்கும் வெள்ளை பெயிண்ட் அப்பியிருக்க அவசரமாக வந்து நின்றார். முகாம் ஆண்களில் நிறையப் பேர் போவது பெயிண்டிங் வேலைக்குத்தான். அரை நாள் கூலி போயிற்று. “பேர் மாறிடுச்சே அம்மா, சந்தோஷம்தானே?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

“போர்டுக்கு பெயின்ற் அடிச்சவை தம்பி. தணிக்கை மாறேல்லையே.”

அந்த அம்மாவின் தம்பி டொரன்டோவில் இருக்கிறார். கனடாவுக்கும் தமிழர்கள் அழைப்பிதழோடு போகவில்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். அதற்கு முந்திய வருஷம்தான், அகதிக் கோரிக்கை வைப்பவரை நேரில் உட்காரவைத்துக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த விசாரணை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள் இன்று குடிமக்கள்.

அவர்களுக்கு நம் பத்திரிகை வைத்திருக்கும் பெயர் புலம்பெயர் தமிழர். பட்டினப்பாலையில் புலம்பெயர்ந்து வந்தவர்களாகக் காட்டப்படுவோர் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வணிகத்துக்காக வந்து நல்லபடியாகக் கலந்து வாழ்ந்தவர்கள். அந்தச் செழிப்பான சொல்லைக் கனடாக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மண்டபம் முகாமோடு பயணம் நின்றுபோனவருக்கு எந்தச் சொல் கௌரவம் என்று கூட்டம் போட்டு விவாதிக்கிறோம். இரண்டு பேரும் ஓடியது ஒரே குண்டுக்குப் பயந்துதான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களும்கூட. நடுவில் வித்தியாசம் விமான டிக்கெட்டுக்குக் காசு இருந்ததும் இல்லாததும்.

தம்பி ஒருமுறை வந்திருந்தாராம். முகாமுக்குள் வர அனுமதி வாங்கவே ஒரு பகல் போயிற்றாம். கனடாவில் இறங்கியபோது என்ன சொன்னார் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“ஏஜென்சிக்காரன் ஒரே ஒரு சொல்தான் பாடமாக்கிக் குடுத்தவன். அகதி எண்டு சொல்லு, வேறொண்டும் சொல்லாதை எண்டு. அதைத்தான் சொன்னவன். நாலு வரியத்தில பாஸ்போட் குடுத்திட்டாங்கள்.” சேலைத்தலைப்பில் மகன் முழங்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மண்டபத்தில இறங்கேக்க நானும் அதைத்தான் தம்பி சொன்னனான்.”