காலநிலை நிதி: அக்கரைப்பற்று கற்ற பாடங்கள்

2025 ஏப்ரல் 5 ஆம் திகதி, இந்தியப் பிரதமரின் கொழும்பு விஜயத்தின்போது, கிழக்கு மாகாண அபிவிருத்திக்கான நன்கொடை உடன்படிக்கை கைச்சாத்தானது. நாடெங்கும் 5,000 மதத் தலங்களின் கூரைகளில் சூரிய மின்கலங்களைப் பொருத்தும் திட்டமும் அன்றே ஆரம்பிக்கப்பட்டது. பள்ளிவாசலும் கோவிலும் அருகருகே உள்ள அம்பாறைக் கரையோரத்துக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் அக்கரைப்பற்றுக்கு வெளிநாட்டு உதவி புதிதல்ல. சுனாமிக்குப் பின் சவூதி நிதியில் நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு வழங்குவது என்ற வழக்கினால் அவை ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பாழடைந்தன. அயலூரான ஒலுவிலில் டென்மார்க் கடனில் கட்டிய துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிச் செல்லும் மணலை மறித்தன. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. வடக்கே தென்னந்தோப்புகளைக் கடல் அரித்தது.

இரண்டிலும் குறை பணத்தில் இல்லை. முன்னதில் பங்கீட்டில் இணக்கம் இல்லை. பின்னதில் கரைக்கு உரிய காப்பு இல்லை.

பசுமைக் காலநிலை நிதியம் போன்றவை அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஊடாகவே, நாட்டு அரசின் ஆட்சேபனையின்மைக் கடிதத்துடன் நிதி வழங்குகின்றன. ஊர்ச் சங்கம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆகவே திட்டம் கொழும்பில் எழுதப்படுமுன் நமது தேவை எழுத்தில் இருக்க வேண்டும். அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் தனித்தனி மனுக்களுடன் போனால் நுரைச்சோலைக் கதையே திரும்பும். வெள்ளமும் கடலரிப்பும் பிரதேச செயலக எல்லை பார்த்து வருவதில்லை. கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே திட்டத்தில், பங்கீட்டையும் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிடுவார்களா?